மரப்பாவையும் இரும்புக்கரமும்

யப்பான் தேசத்தின் நடுப்பகுதியிலே, தோக்கியோவுக்கும் கியோத்தோவுக்கும் இடையில், நாகோயா என்னும் பெருநகர் அமைந்திருக்கிறது. அந்நாட்டைக் காணச் செல்லும் பிரயாணிகளிற் பலர் கியோத்தோவின் கோயில்களையும் தோக்கியோவின் மாடமாளிகைகளையும் நாடிச் செல்வர். நாகோயாவைப் புகையிரதத்தின் சாளரத்தினூடே கண்டு கடந்துவிடுவர். ஆயினும், கைத்தொழில் கற்க விரும்பும் மாணவனுக்கு இந்நகரைப் போன்ற பாடசாலை வேறொன்று கிடைப்பது அரிது. நம் நாட்டு வீதிகளில் ஓடும் டொயோட்டா வண்டிகளின் பிறப்பிடம் இந்நகரைச் சூழ்ந்த அயிச்சி மாகாணமே. அங்குள்ள தொழிற்சாலைகளில் இரும்புக்கரங்கள் தகடுகளைத் தூக்குகின்றன, உருக்கி ஒட்டுகின்றன, வர்ணம் பூசுகின்றன. அக்கரங்களின் மூதாதையர் யாவர் என்று அவ்வூரிலே தேடிப் புறப்பட்டால், மரத்தாற் செய்த ஒரு சிறு பாவையின் முன்னே சென்று நிற்போம்.

நாகோயாவின் வடகிழக்கே கீசோ என்னும் மலைநாடு இருக்கிறது. ஹினோக்கி என்ற மணமுள்ள ஊசியிலை மரங்கள் அங்கே அடர்ந்து வளர்கின்றன. முற்காலத்தில் அம்மரங்களை வெட்டி, கீசோ ஆற்றிலே மிதக்கவிட்டுச் சமவெளிக்குக் கொண்டுவந்தனர். நாகோயாவை ஆண்ட தோக்குகாவாப் பிரபுக்களுக்கு அக்காடு பெருஞ்செல்வமாக விளங்கிற்று. நல்ல மரம் வந்து சேரும் ஊரிலே நல்ல தச்சர் வந்து சேர்வது இயல்பன்றோ? அவர்களுடைய கைகள் முதலிற் கோட்டையையும் கோயிலையும் கட்டின, பின்னர் கடிகாரம் செய்தன, பாவை செய்தன, ஈற்றில் தறியும் செய்தன.

அதே ஆற்றங்கரையில், நாகோயாவிலிருந்து அரைமணி நேரப் புகையிரதப் பிரயாணத்தில், இனுயாமா என்னும் சிற்றூர் இருக்கிறது. குன்றின்மேல் ஒரு பழங்கோட்டை. அதன் அடிவாரத்தில் ஒடுங்கிய வீதிகள். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்து முதற் சனி, ஞாயிறு தினங்களில் அவ்வீதிகளிலே 13 தேர்கள் உலாவருகின்றன. 1635ஆம் ஆண்டில் ஆரம்பித்த திருவிழா இது. 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பண்பாட்டுச் செல்வப் பட்டியலில் ஏனைய யப்பானியத் தேர்விழாக்களுடன் இடம்பெற்றது. தேர்த்திருவிழா நமக்குப் புதிதன்று. ஆயின் இத்தேர்களில் ஒரு விசேஷம் உண்டு. மூன்றடுக்கான ஒவ்வொரு தேரின் உச்சியிலும் மரப்பாவைகள் ஆடுகின்றன. ஒன்று குட்டிக்கரணம் போடுகிறது. மற்றொன்று கம்பத்திலே தொங்கி ஊசலாடுகிறது. கண்ணுக்குப் புலப்படாமல் தேரினுள்ளே அமர்ந்திருப்போர் கயிறுகளை இழுத்து அவற்றை ஆட்டுகின்றனர். இவ்வகைச் சூட்சுமப் பொறிகளைக் ‘கராக்குரி’ என்று யப்பானியர் அழைப்பர். இரவில் தேருக்கு 365 கூண்டுவிளக்குகள் ஏற்றப்பட்டு, அவை ஒளிவெள்ளத்தில் நகரும் காட்சி கண்கொள்ளாதது.

கயிறு இல்லாமலே இயங்கும் பாவைகளும் உண்டு. அவற்றுள் புகழ்பெற்றது தேநீர் ஏந்தும் பாவை. வீட்டுக்காரர் அதன் கைத்தட்டில் தேநீர்க் கிண்ணத்தை வைத்ததும், அது விருந்தினரை நோக்கி மெல்ல நடந்து செல்லும். விருந்தினர் கிண்ணத்தை எடுத்தால் நின்றுவிடும். குடித்து முடித்து வெறுங்கிண்ணத்தை மீண்டும் வைத்தால், திரும்பி வந்த வழியே போய்விடும். கிண்ணத்தின் பாரமே அதற்குக் கட்டளை. அதன் வயிற்றினுள்ளே திமிங்கிலத்தின் வாய்த்தகட்டிலிருந்து செய்த சுருள்வில்லும், மரப் பற்சக்கரங்களும் அமைந்துள்ளன. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பாதிரிமார் யப்பானுக்குக் கொண்டுவந்த கடிகாரத்தைப் பிரித்தறிந்த கைவினைஞரின் வழித்தோன்றல்களே இத்தகைய வேலையைச் செய்தனர்.

1796ஆம் ஆண்டில் ஹொசொகாவா ஹன்சோ என்பார் ‘கராக்குரி சூயி’ என்ற நூலை வெளியிட்டார். கடிகாரங்களையும் பாவைகளையும் பாகம் பாகமாகப் பிரித்து, படம் வரைந்து, செய்முறையை அதிலே விளக்கினார். தொழில் இரகசியத்தைத் தந்தை மகனுக்கு மாத்திரமே கூறி வந்த காலத்தில் இது பெரிய காரியம். 20ஆம் நூற்றாண்டில் ஆராய்ச்சியாளர் தேநீர்ப் பாவையை மீண்டும் செய்து இயக்கியபோது, இந்நூலே அவர்களுக்கு வழிகாட்டிற்று. நாகோயாவிலோ, 1730களில் கியோத்தோவிலிருந்து வந்து குடியேறிய தமாயா ஷோபெய் என்ற பாவைக் கலைஞரின் பெயரை, தலைமுறை தலைமுறையாக ஒருவர்பின் ஒருவர் ஏற்று, ஒன்பதாம் தலைமுறை வரை அத்தொழிலைக் காத்து வந்திருக்கின்றனர்.

பாவை செய்த கை பாவையோடு நின்றுவிடவில்லை. கியூஷூத் தீவிலே 1799ஆம் ஆண்டு பிறந்த தனாக்கா ஹிசஷிகே, இளமையில் அம்பெய்யும் சிறுவன் பாவையைச் செய்து மக்களை மகிழ்வித்தவர். முதுமையில், 1875ஆம் ஆண்டில், தோக்கியோவின் கின்சா வீதியிலே தந்திக் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றைத் திறந்தார். அதுவே பிற்காலத்தில் தொஷிபா என்ற பெருநிறுவனத்துக்கு வித்தாயிற்று.

மீண்டும் நாகோயாவுக்கு வருவோம். பிரதான புகையிரத நிலையத்துக்கு அண்மையில் ஒரு பழைய செங்கற் கட்டடம் நிற்கிறது. டொயோடா சாகிச்சி என்பவர் 1911ஆம் ஆண்டில் தமது தறிகளைப் பரிசோதிப்பதற்கென ஆலை அமைத்த இடம் அது. 1994ஆம் ஆண்டிலிருந்து அது கைத்தொழில் நூதனசாலையாக விளங்குகிறது. சாகிச்சி 1867ஆம் ஆண்டில் ஓர் ஏழைத் தச்சரின் மகனாகப் பிறந்தவர். கிராமத்துப் பெண்கள் கைத்தறியிலே படும் பாட்டைக் கண்டு, இரு கைகளாலும் செய்த வேலையை ஒரு கையாற் செய்யத்தக்க மரத்தறியை 1890ஆம் ஆண்டில் ஆக்கினார். அதன்பின் முப்பது வருடங்களுக்கு மேலாகத் தறியைத் திருத்துவதே அவர் வாழ்வாயிற்று.

1924ஆம் ஆண்டில், மகன் கீச்சிரோவின் உதவியுடன், ‘ஜீ’ வகைத் தானியங்கித் தறி நிறைவெய்தியது. ஊடை நூலைச் சுமந்தோடும் நாடாவை, தறியை நிறுத்தாமலே அது மாற்றிக் கொள்ளும். பாவு நூலில் ஓரிழை அறுந்தாலோ தானே நின்றுவிடும். இங்கேதான் நாம் சற்றுத் தங்கிச் சிந்திக்க வேண்டும். ஓயாது ஓடும் யந்திரத்தை எவரும் செய்யலாம். பிழை நேர்ந்தவுடன் நிற்க அறிந்த யந்திரத்தைச் செய்தவர் சாகிச்சி. கிண்ணத்தை எடுத்தவுடன் நிற்கும் பாவையை இத்தறி நமக்கு நினைவூட்டுகிறது. யந்திர நெசவை உலகுக்குக் கற்பித்த இங்கிலாந்து தேசத்தின் பிளாட் சகோதரர் நிறுவனமே 1929ஆம் ஆண்டில் இத்தறியின் உரிமையை விலைகொடுத்துப் பெற்றுக்கொண்டது.

இக்கொள்கையை யப்பானியர் எழுதும் முறையும் அழகானது. ‘தானியக்கம்’ என்ற சொல்லிலே அசைவைக் குறிக்கும் எழுத்தின் பக்கத்தில், மனிதனைக் குறிக்கும் இரு கோடுகளைச் சேர்த்து விடுகின்றனர். அவ்விரு கோடுகள் சேர்ந்ததும், அசைதலைக் குறித்த எழுத்து உழைத்தலைக் குறிக்கும் எழுத்தாகிறது.

நூதனசாலையின் அடுத்த மண்டபம் மோட்டார் வண்டிகளுக்குரியது. தறித் தொழிற்சாலையிலே கீச்சிரோ 1933ஆம் ஆண்டில் மோட்டார்ப் பகுதியைத் தொடங்கினார். 1937ஆம் ஆண்டில் டொயோட்டா மோட்டார் நிறுவனம் உதயமாயிற்று. முதல் வண்டியின் மேனித் தகடுகள் சுத்தியலால் அடித்தே உருவாக்கப்பட்டன. அம்மண்டபத்திலே இன்று இரும்புக்கரங்களையும் காணலாம். ‘ரோபோ’ என்ற பெயர் 1920ஆம் ஆண்டில் செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக்கின் நாடகத்திலே தோன்றியது. கட்டாய ஊழியம் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. முதலாவது தொழிற்சாலை ரோபோ 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூஜேர்சியில், சூடாறாத உலோக வார்ப்புகளை எடுத்தடுக்கும் வேலைக்கு அமர்த்தப்பட்டது. 1969ஆம் ஆண்டில் கவசாக்கி நிறுவனம் அதன் உரிமையைப் பெற்று யப்பானிலே செய்யத் தொடங்கியது.

ரோபோவுக்கு வேலையைப் பழக்குவதைத் தொழிற்சாலைகளில் ‘கற்பித்தல்’ என்றே கூறுவர். வர்ணம் பூசும் ரோபோக்கள் சிலவற்றுக்கு, தேர்ந்த தொழிலாளி ஒருவர் அதன் கையைப் பிடித்து ஒருமுறை பூசிக் காட்டுவார். அது அவ்வசைவை நினைவிற் கொண்டு திரும்பத் திரும்பச் செய்யும். ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிப்பதைப் போன்றதே இது. கற்பிப்பவரின் கை நடுங்கினால் யந்திரமும் நடுங்கும்.

ஆனால் எல்லா வேலையையும் யந்திரத்திடம் விட்டபின், அதற்குக் கற்பிக்க அடுத்த தலைமுறையில் யார் இருப்பார்? இக்கவலை டொயோட்டா நிறுவனத்துக்கே எழுந்தது. 1963ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் தொழிற்பயிற்சிப் பாடசாலையிற் சேர்ந்து, பட்டறைத் தொழிலாளியாக உயர்ந்த கவாய் மிட்சுரு, இரும்புக்கரங்கள் செய்து வந்த வேலைகளிற் சிலவற்றை மீண்டும் மனிதரின் கைகளுக்குக் கொடுத்தார். இளைஞர் இரும்பைக் காய்ச்சி அடித்து, எஞ்சினின் கிராங்குத் தண்டை உருவாக்கப் பழகினர். இரும்பு எந்த நிறத்தில் இளகுகிறது, எங்கே வீணாகிறது என்பதைக் கையால் உணர்ந்தனர். அவ்வுணர்வைக் கொண்டு யந்திர வரிசையைத் திருத்தி, கழிவைக் குறைத்தனர். கவாய் 2017ஆம் ஆண்டில் நிறுவனத்தின் நிர்வாக உபதலைவராக உயர்ந்தார்.

நாகோயாவுக்குச் செல்லும் வாய்ப்புப் பெறும் மாணவர், ஒரு நாளை இனுயாமாவுக்கும் மறுநாளைச் செங்கற் கட்டடத்துக்கும் ஒதுக்குவாராக. தேர்ப்பாவை, மரத்தறி, இரும்புக்கரம் என்ற வரிசையிலே பார்த்தால், ஒன்றன் அறிவு மற்றொன்றினுள் வாழ்வது தெளிவாகும். ரோபோவை எந்த நாடும் பணம் கொடுத்து வாங்கலாம். அதற்குக் கற்பிக்கும் கையை உள்ளூரிலேதான் வளர்க்க வேண்டும். அது பெரும்பாலும் வீட்டிலேயே ஆரம்பமாகிறது. பழைய கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு விழிக்கும் பிள்ளையைப் பெற்றோர் அதட்டாது, அதைத் திரும்பப் பூட்டும் வரை பக்கத்தில் அமர்ந்திருப்பாராயின், நாகோயாவின் தச்சர்கள் தொடங்கிய இடத்திலேயே அப்பிள்ளையும் தொடங்கிவிட்டது எனலாம்.