ஜான்சி ராணிப் படைக்குக் காக்கி வேணும்

நம்ம சமய வகுப்புப் பிள்ளைங்க நேதாஜியோட ஜான்சி ராணிப் படையை நாடகமா போடப் போறாங்க. உடுப்பு வேலை என் பொறுப்பு.

வாடகைக் கடையில கேட்டா, திட்டுத் திட்டா பச்சை போட்ட காட்டு உடுப்பையும் அசோகச் சக்கரக் கொடியையும் நீட்டுறாங்க. படை சிங்கப்பூர்ல தொடங்கினது 1943. கொடியில அசோகச் சக்கரம் வந்தது 1947. இங்க நம்ம ஆளுங்க பிடிச்ச மூவர்ணத்துல ராட்டைதான் இருந்துச்சு. உடுப்பும் வெறும் காக்கிதான்: சட்டை, கால்சட்டை, தொப்பி. கேப்டன் லட்சுமியோட பழைய படங்களைப் பாருங்க, தெரியும்.

ஒரு அம்மா, "அண்ணே, பொம்பளப் பிள்ளைங்க, ரெண்டு வளையலாவது போடட்டுமே"ன்னாங்க. வேணாம்மான்னு சொல்லிட்டேன். அந்தப் படையில நிறைய பேரு மலாயா தோட்டத்துல பால்மரம் வெட்டின குடும்பத்துப் பொண்ணுங்க. இந்தியாவைக் கண்ணால பார்க்காதவங்களும் இருந்தாங்க. நேதாஜி கேட்டப்ப நம்ம பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தாங்க. அவங்க வேஷத்துல வளையல் குலுங்கினா அது வெறும் மாறுவேடப் போட்டி.

யார் வீட்டிலயாவது பாட்டியோட நிஜத் தொப்பி, பேட்ஜ் இருந்தா தயவுசெஞ்சு மேடைக்குக் கொண்டு வராதீங்க. வேர்வை பட்டா பழைய துணி வீணாயிடும். போட்டோ மட்டும் அனுப்புங்க, அளவு பார்த்துத் தைச்சுக்கலாம்.

காக்கித் துணி தர்றவங்க (எங்க ஃபேக்டரி யூனிஃபார்ம் நீலம், உதவாது), ராட்டை வரையத் தெரிஞ்சவங்க, வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு மண்டபத்துல என்னைப் பாருங்க.