எட்டுக் கைகாட்டிகள்

சீமையிலே பழைய பிரபுக்களின் மாளிகைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஏக்கரில் பூங்காவனம் உண்டு. இப்போது அவற்றில் பலவற்றைப் பொதுஜனங்கள் உலாவுவதற்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். வழி தவறாமலிருக்கக் கம்பத்துக்குக் கம்பம் வர்ண அம்புக்குறி. மஞ்சள் அம்பின் பின்னே போனால் ஏரிக்கரை. சிவப்பின் பின்னே போனால் மரத்தோப்பு. அங்கே குடியேறிவிட்ட சிநேகிதர் ஒருவர் இதைப் பற்றிப் பிரமாதமாகக் கடிதம் எழுதியிருந்தார்.

எங்கள் வேங்கிக்காலுக்கு எதிரிலும் ஒரு பிரபு உட்கார்ந்திருக்கிறார். இரண்டாயிரத்து அறுநூறு அடிக்கு மேல் உயரம். அவருடைய எஸ்டேட்டை ஒரு சுற்றுச் சுற்றி வர 14 கிலோமீட்டர். அம்புக்குறி கிடையாது, திசைக்கு ஒன்றாக எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன் என்று போய் ஈசானியத்தில் முடித்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். எழுத்து வாசனை இல்லாதவர்கூட வழி தவற முடியாத ஏற்பாடு.

பௌர்ணமியன்று மட்டும் போகாதீர்கள். அன்று லட்சக்கணக்கில் ஜனம். முன்னே போகிறவரின் முதுகுதான் தரிசனம். நான் போனது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. பக்கத்து வீட்டுப் பெரியவரும் கூட வந்தார். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். கர்ணம் உத்தியோகத்தை 1980-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் தெருவில் அவருக்குக் 'கர்ணம் ஐயா' என்றுதான் பெயர். கையில் கட்டியிருந்த கடிகாரம் அடி அடியாக எண்ணிக்கொண்டு வந்தது. அவரும் அதை நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டு வந்தார்.

மலை வலப்புறம் இருக்க, சாலையின் இடது ஓரமாக நடப்பது மரபு. மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களுக்கு. வேகத்துக்கும் விதி உண்டு: நிறைமாதக் கர்ப்பிணியான ராணி எப்படி நடப்பாளோ, அப்படி. ரமண மகரிஷி 1926 வரை அன்பர்களோடு மலையைச் சுற்றி வந்திருக்கிறார். ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று நாள் ஆனதும் உண்டு. இதைச் சொன்னதும் கர்ணம் ஐயா தம் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டார்.

யம லிங்கம் தாண்டிச் செங்கம் சாலையை விட்டுத் திரும்பியதும் பஸ் இரைச்சல் பின்தங்கிவிடுகிறது. வலப்புறம் காடு. நான் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த காலத்தில் இந்த மலை மொட்டை. பாறையும் புல்லும்தான். கோடையில் புல்லில் தீப்பிடித்தால் ராத்திரி நெருப்பு மாலை மாதிரி மலையில் ஊரும். நாங்கள் அதை வேடிக்கை பார்ப்போம். 1980-களின் கடைசியில் சில பேர் கன்று நடத் தொடங்கினார்கள். கன்று நடுவதைவிட, வருஷா வருஷம் தீ பரவாமல் தடுப்புப் பாதை வெட்டிப் புல்லைச் செதுக்கியதுதான் பெரிய வேலை. முப்பத்தைந்து வருஷத்தில் மொட்டைக்கு முடி முளைத்துவிட்டது.

சாலையோரம் இருந்த பழைய மரங்களின் கதை வேறு. 2015-ல் பாதையை அகலப்படுத்தக் கோடாலி விழுந்தது. பசுமைத் தீர்ப்பாயம் குறுக்கிட்டுத் தடுத்தது. "நல்ல காரியம்" என்றேன் நான்.

கர்ணம் ஐயா நின்றுவிட்டார்.

"தம்பி, எங்கம்மா ஒரு சித்ரா பௌர்ணமியில கூட்டத்துல விழுந்து மணிக்கட்டை ஒடிச்சுக்கிட்டாங்க. அன்னிக்கு உங்க புளியமரமா வந்து தாங்கிச்சு? ரோடு அகலமா இருந்திருந்தா விழுந்திருக்க மாட்டாங்க."

நியாயம்தான். ஆனால் இந்தச் சாலையில் பெரும்பாலோர் நடப்பது வெறுங்காலில். காலை பத்து மணிக்குச் சித்திரை வெயிலில் தார் எப்படி இருக்கும் என்று காலைக் கேட்டால் சொல்லும். "நிழல் இல்லாத அகலத்தில் உங்கள் அம்மா விழமாட்டார், ஐயா, மயங்கிச் சாய்வார்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. வருண லிங்கம் வரைக்கும் ராணியின் நடையை மறந்து வேகமாக நடந்தார்.

ஆதி அண்ணாமலை தாண்டி மலை வேறு உருவம் எடுக்கிறது. குபேர லிங்கத்துக்கப்பால் ஐந்து முகமாகத் தெரியும் இடமும் உண்டு. ஒரே மலை எட்டு இடத்தில் எட்டு மலையாகத் தெரிவதுதான் இந்தப் பாதையின் விசேஷம். நின்று பார்க்கச் சொல்லித்தான் அந்த லிங்கங்களை அப்படி அப்படி வைத்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஊர்ப்பக்கச் சரிவு வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டோம். 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், பாறையும் சேறும் சரிந்து மலையடிவாரத்து வீட்டில் விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். ஐவர் குழந்தைகள். அந்த வருஷம் தீபத்துக்கு மலையேறப் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. கீழே இடம் கிடைக்காத ஏழைகள்தான் மேலே போய் வீடு கட்டிக்கொள்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

"புறம்போக்கு, வனம், பட்டான்னு முப்பது வருஷம் காகிதத்துல கோடு கிழிச்சேன்" என்றார் கர்ணம் ஐயா. "தண்ணிக்கு எந்தக் கோடு தெரியும்? மேல மண்ணைப் பிடிச்சுக்க வேர் இருக்கா இல்லையா, அதுதான் தெரியும்."

ஈசானிய லிங்கத்தருகே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் கடிகாரத்தை வெளியே எடுத்தார்; அடிக் கணக்கைப் பார்க்கவில்லை.

"அம்மாவுக்கு எண்பத்து நாலு. பதினாலு கிலோமீட்டர் ஆகாது. ஆனா எட்டையும் ஒரே நாள்ல பார்க்கணும்னு யார் சொன்னது? நாளைக்கு ரெண்டு லிங்கம், நாலு நாள். ஒரு லிங்கத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எங்கெங்க நல்ல நிழல் இருக்கு, உட்கார வைக்கலாம், சொல்லுங்க தம்பி."

சட்டைப் பையிலிருந்து சிட்டையும் பேனாவும் எடுத்து, மேலே 'மரங்கள்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். யம லிங்கத்துக்கு அப்புறம் வரும் வேம்பிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.