எத்தனை குதிரைத்திறன்?

தியானப் பகுதி: 2 தீமோத்தேயு 1:7



நம் ஜூஜுவாடியில் எஞ்சின் என்னும் சொல் எவருக்கும் புதிதன்று. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் ஓசூருக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. சிப்காட்டின் சிறிய பட்டறைகளிலும் பெரிய ஆலைகளிலும் அன்றாட அப்பத்தைச் சம்பாதிக்கிற குடும்பங்களே நம் சபையில் மிகுதி. ஆகவே இந்த வாரம் உங்களுக்கு நன்கு தெரிந்த பொருளைக் கொண்டே வேதத்தைத் தியானிக்க விரும்புகிறேன்.

நம் சபையின் வாலிபர் ஒருவரிடம் பழைய கான்டெஸ்ஸா கார் ஒன்று இருக்கிறது. ஓட்டுநராயிருந்த அவருடைய தகப்பனார், தாம் வேலை செய்த இடத்தில் கழித்துவிட்டபோது விலைக்கு வாங்கிய வண்டி அது. தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின்பு அது தார்ப்பாயின் கீழ் கிடந்தது, எஞ்சின் இறுகிவிட்டது. அதை மீண்டும் ஓட வைக்க வேண்டும், ஆனால் எவரும் முந்த முடியாத வண்டியாக ஓட வைக்க வேண்டும் என்பது மகனின் ஆசை. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காரின் வரலாறே ஒரு பாடம். இங்கிலாந்தின் வாக்ஸால் நிறுவனத்தின் கார் ஒன்றின் உடலை எடுத்து, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் கான்டெஸ்ஸாவை வெளியிட்டது. அகன்ற, அழகிய, கனத்த உடல். உள்ளே வைத்ததோ அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சின், ஏறத்தாழ 50 குதிரைத்திறன். உடலுக்கு அது போதவில்லை. பின்னர் ஜப்பானின் இசுஸு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். அப்போது எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. நான்கு கியருக்குப் பதிலாக ஐந்து கியர் உள்ள பெட்டியையும் சேர்த்தே கொடுத்தார்கள். ஒன்றை மாற்றினால் அதனோடு இணைந்திருப்பதையும் மாற்ற வேண்டும் என்பது செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் தம்பியின் வண்டியில் இருந்தது இந்த இசுஸு எஞ்சின். அவர் விரும்பியதோ டொயோட்டாவின் 2ஜேஇசட் வகை: மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர்கள், வார்ப்பிரும்பு உடல். டர்போ பொருத்திய வகை ஆலையிலிருந்து வரும்போதே 280 குதிரைத்திறனை ஒட்டியது. கைதேர்ந்தவர்கள் அதை இன்னும் பல மடங்கு உயர்த்துகிறார்கள். உலகெங்கும் பழைய கார்களை வேகமாக்குவோர் அதை விரும்புவதற்குக் காரணம் இதுவே.

எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் உள்ள வயதான மெக்கானிக் ஒருவரிடம் ஆலோசனை கேட்டிருக்கிறார். அவர் எஞ்சினைப் பற்றி அதிகம் பேசவில்லையாம். மற்றவற்றை வரிசையாகச் சொன்னாராம். அந்த எஞ்சின் கனமானது. முன் ஸ்பிரிங்குகள் தாழும். பழைய கிளட்ச் வழுக்கும். கியர்பாக்ஸ் தாங்காது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் பின் அச்சும் முறுக்கு விசையில் உடையலாம். ரேடியேட்டர் போதாது. இந்தக் காருக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது, உடற்கூடே எல்லா விசையையும் ஏற்க வேண்டும். ஆகவே அதையும் வலுப்படுத்த வேண்டும். இறுதியாகப் பிரேக்கைப் பற்றிச் சொன்னாராம். வேகம் இரு மடங்கானால், நிறுத்துவதற்குப் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். “தம்பி, ஓட வைக்க ஒரு செலவு என்றால், நிற்க வைக்க இரண்டு செலவு” என்றாராம் அந்தப் பெரியவர்.

சட்டமும் குறுக்கே நின்றது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே வகை எஞ்சினை மாற்றுவதானாலும் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று, புதிய எண்ணைச் சான்றில் பதிய வேண்டும். அளவுகடந்த வேகத்துக்கான வண்டிக்கு உரிய இடம் இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடம். ஷிப்ட் முடிந்து நம் சகோதரிகள் கடந்து செல்கிற தேசிய நெடுஞ்சாலை அன்று.

இவற்றுக்கெல்லாம் பணம்? தாயாரின் பெயரிலுள்ள வீட்டுப் பத்திரம். “ஐயா, பத்திரத்தைக் கேட்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்று அந்தத் தாயார் என்னிடம் வந்தபோதுதான் இது எனக்குத் தெரியவந்தது.

பிரியமானவர்களே, பலத்தை விரும்புவது பாவமா? இல்லை. கனத்த உடலுக்குச் சிறிய எஞ்சினும் குறைதான். மேட்டில் ஏற முடியாமல் பின்னால் வருகிறவர்களையும் அது தடுக்கும். சிறையிலிருந்த பவுல், இளைஞனாகிய தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பலவீனனாக இருந்துவிடு என்று சொல்லவில்லை. பயத்தின் ஆவியைத் தேவன் கொடுக்கவில்லை என்கிறார். அவர் தருவதாகப் பவுல் சொல்லுகிறவை மூன்று: முதலில் பலம், அதனோடு அன்பு, அதனோடு தெளிந்த புத்தி. பலம் எதற்காக என்பதை அன்பு தீர்மானிக்கிறது. எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தெளிந்த புத்தி காட்டுகிறது. தேவன் இம்மூன்றையும் பிரித்துக் கொடுப்பதில்லை.

நியாயாதிபதிகளின் புத்தகத்தில் சிம்சோனைப் பாருங்கள். பலத்தில் அவனுக்கு நிகரில்லை. சிங்கத்தைக் கிழித்தான், காசா பட்டணத்தின் வாசற்கதவுகளைப் பெயர்த்துச் சுமந்தான். ஆனால் தன் கண் கண்டதை மறுக்க அவனால் இயலவில்லை. நிற்க வேண்டிய இடங்களில் எல்லாம் நிற்காமல் போனவன், கண்களை இழந்து சிறைச்சாலையில் மாவரைத்தான். பவுல் கலாத்தியருக்கு எண்ணிச் சொல்லும் ஆவியின் கனியில் கடைசியாக வருவது இச்சையடக்கம். கடைசியாக வருவதால் சிறியதென்று எண்ணிவிடாதிருங்கள்.

நம் வீடுகளைச் சிந்தித்துப் பாருங்கள். ஓவர்டைம் கூடுகிறது, சம்பளம் உயருகிறது. உடனே மனைக்கு ஒரு தவணை, வண்டிக்கு ஒரு தவணை, சீட்டு இரண்டு. குதிரைத்திறன் ஏறிவிட்டது, அதைத் தாங்கும் உடற்கூடு எது? பதவி உயர்வு பெற்றவர் கீழே உள்ளவரிடம் பேசும் சொல்லை யார் நிறுத்துவது? சபையில் பொறுப்பு ஏற்றவருக்குத் தாழ்மையும் வளர்ந்திருக்கிறதா? அதிக ஆசீர்வாதம் வேண்டும் என்று ஜெபிக்கிற நாம், அதைச் சுமக்கும் குணத்தையும் கேட்கிறோமா?

தம்பியிடம் நான் கேட்டது ஒன்றே: “இந்த வண்டியில் முதலில் யாரை உட்கார வைப்பீர்கள்?” வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, “அம்மாவை” என்றார். இப்போது, கம்ப்ரஷன் அளந்து பார்த்து வாங்கிய அதே இசுஸு வகை எஞ்சின் ஒன்று பட்டறையில் பிரித்துச் சீர்செய்யப்படுகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. முதல் செலவு பிரேக்குக்கே ஆனது. பத்திரம் தாயாரின் பெட்டியிலேயே இருக்கிறது. பெரிய எஞ்சினை விட்டுவிட்டது அவருக்கு வருத்தமே. அதை நான் இலேசாகப் பேச மாட்டேன். தன் ஆசையைத் தன் தாயின்மேல் சுமத்தாமல் நிறுத்திக்கொள்ளுதலும் பலம்தான்.

இந்த வாரம் உங்கள் ஜெபத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நான் கேட்கிற பலம் எனக்குக் கிடைத்தால், என்னோடு பயணிக்கிறவர்கள் பத்திரமாயிருப்பார்களா?

ஜெபம்: பரம பிதாவே, எங்களுக்குப் பலம் தாரும். அதை நடத்தும் அன்பையும், எங்களை நிறுத்தும் தெளிந்த புத்தியையும் அதனோடு தாரும். சாலையிலும் ஆலையிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.