ஞாயிறு மாலை வரவேண்டிய கார்

நாம் சிறுவராயிருந்த நாளில் சிவகாசியில் வாடகைச் சைக்கிள் கடைகள் இருந்தன. மணிக்கணக்கில் வாடகை. பெயரையும் எடுத்த நேரத்தையும் கடைக்காரர் நோட்டில் குறித்துக்கொள்வார். ஆனால் முகமறியாப் பையனுக்கு வண்டி கிடைக்காது. 'இவன் இன்னார் மகன்' என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லவேண்டும். நேரம் தவறினால் கடைக்காரர் முதலில் தேடிச் செல்வது பையனையன்று, சொன்னவரையே.

சென்ற தீபாவளிக்கு முன் சொன்னவராய் நின்றவர் நாம். விருதுநகரில் வாழும் நம் தம்பி, தவணையில் வாங்கிய காரை அறிந்தவர்க்கு நாள் வாடகைக்கு விட்டுவந்தான். நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இரு நாளைக்குக் கேட்டார். "நல்ல பிள்ளை, கொடு" என்றோம். ஞாயிறு மாலை திருப்பித் தருவதாகப் பேச்சு.

மாலை போயிற்று, இரவும் வந்தது. கைப்பேசி அணைந்து கிடந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு நம் அன்னைக்கு மதுரையில் டயாலிசிஸ். "காவல் நிலையம் போகட்டுமா, அண்ணா?" என்றான் தம்பி. "விடியட்டும்" என்றோம். விடிந்தது, கார் வரவில்லை. பட்டாசு வாங்க வெளியூரார் திரளும் காலம். வாடகைக் கார் எளிதில் அகப்படவில்லை. அன்னை போய்ச் சேர்ந்தபோது அவருக்குரிய முறை கடந்திருந்தது. மாலை வரை தாழ்வாரத்து நாற்காலியில் காத்திருந்து, நள்ளிரவில் வீடு திரும்பினார். நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வழக்கறிஞர் நண்பரைக் கேட்டோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. 160-ஆம் பிரிவின்படி, தவணை முடிந்ததும் உடைமைக்காரர் கேளாமலே பொருளைத் திருப்பித் தரவேண்டும். தன் தவறால் அவ்வாறு தராதவர், அந்த நேரம் முதல் பொருளுக்கு நேரும் இழப்பு, சேதம் அனைத்துக்கும் பொறுப்பாவார் என்கிறது 161. அதுவரை சாதாரணக் கவனம் போதும். அதன்பின் பிறர் வந்து மோதினாலும் பொறுப்பு அவருடையதே.

தம்பியின் முகம் மலர்ந்தது, நண்பர் விடவில்லை. "உம் எண்பலகை வெள்ளைதானே?" என்றார். சொந்த உபயோகத்துக்குப் பதிந்த காரை வாடகைக்கு விடுவது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் புறம்பு. தாமே ஓட்டிச் செல்வோர்க்கு வாடகைக்கு விடும் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து வேண்டும். தனியார் காரின் காப்பீடும் வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. புகார் எழுதப் போனால் முதற்கேள்வி நம்மவனுக்கே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

செவ்வாய் நண்பகலில் கார் வந்தது. பின் இருக்கையில் பட்டாசு அட்டைத் துண்டுகள்! அதில் என்ன ஏற்றினாரோ, ஒரு பொறி பட்டிருந்தால் என்னவாகியிருக்குமோ, எண்ணவே நடுங்கிற்று. "சரக்குக் கிடைக்க நேரமாயிற்று, ஃபாதர்" என்றார் இளைஞர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஞாயிறு இரவே வேறு வண்டி பேசியிருப்போமே என்றோம். "வண்டியைக் கேட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன்" என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

கூடுதல் நாள்களுக்கு உரிய வாடகையை மட்டும் பெற்றுக்கொண்டு தம்பி சாவியை உள்ளே வைத்தான். அதன்பின் எவர்க்கும் தருவதில்லை. மதுரைக்குப் போய்வந்த கார்க்கூலியை நாம் நீட்டியபோது அவன் வாங்க மறுத்தான். அன்னையின் மருந்துப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தோம்.

அந்த இளைஞர் இப்போதெல்லாம் நம்மைக் கண்டால் தெருவின் மறுபுறம் நடக்கிறார்.