ஒரு குதிரைகூட இல்லை

அப்பா விட்டுப்போன கிளாசிக் 350க்கு வேறு சைலன்சர், கழுவிப் போடும் ஏர் ஃபில்டர், கார்புரேட்டருக்குப் பெரிய மெயின் ஜெட் என்று பதினெட்டாயிரம் செலவழித்தேன். கம்பெனிக் கணக்கில் அதன் எஞ்சின் 19.8 குதிரைத்திறன். இருபத்தைந்தைத் தொடும் என்று நம்பினேன்.

சென்னையில் டைனோ உருளைமேல் ஏற்றினோம். கியர்பாக்ஸும் செயினும் தின்றது போக, பின்சக்கரத்தில் முன்பு 16.1, இப்போது 16.9.

"ஒண்ணுகூட முழுசா ஏறலையே அண்ணே?"

"தம்பி, 346 சிசி இழுக்கிற காத்து அவ்ளோதான். கேம் மாத்தணும், கம்ப்ரெஷன் ஏத்தணும். அப்புறம் கிளட்ச் தாங்காது."

உண்மையில் ஏறியது சத்தம். அதைத்தான் காது வேகம் என்று கணக்குப் போட்டுக்கொள்கிறது.

எங்கள் வீடு ரமணாசிரமத்துக்கு எதிர்த் தெரு. ராத்திரியில் மயில் அகவினால் தெரு முழுக்கக் கேட்கும். செங்கம் ரோட்டிலிருந்து வண்டி திரும்பும்போதே அம்மா எழுந்துவந்து கேட்டைத் திறந்துவிடுவாள். அப்பா போன பிறகு நான் ஓட்டிவந்தபோதும் அப்படித்தான்.

அன்று கேட் பூட்டியே கிடந்தது. ஹாரன் அடித்தேன்.

"யாரு?" என்றாள் உள்ளிருந்து.

மறுநாள் பரணிலிருந்து பழைய சைலன்சரை இறக்கினேன். ஜெட்டையும் பழையதே போட வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் அதிகமாகிப் பிளக்கில் கரி பிடிக்கும்.