பூச்சுக்கு முன் ஒரு பைப்

வீட்டைப் புதுப்பிக்கச் சுவரில் காடி வெட்டும்போதே நெட்வொர்க் கேபிளுக்கும் தனி பைப் போட்டுவிடுங்கள். பூசிப் பெயின்ட் அடித்த பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. எங்கள் வீட்டில் கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு வைஃபை ஒழுங்காக ஏறியதே இல்லை. இப்போது ரூட்டர் இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு அறைக்கும் கேட்6 கேபிள் இழுத்தாயிற்று. மகளின் ஆன்லைன் வகுப்பு நடுவில் நிற்பதே இல்லை.

கரன்ட் வயர் போகும் பைப்பில் நெட்வொர்க் கேபிளை நுழைக்க விடாதீர்கள். முழுச் செம்புக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியமும் கடைகளில் கிடைக்கிறது. அதன் கம்பி முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். நல்ல கேட்6 கேபிள் 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் வேகம் தரும். பைப்புக்குள் இழுவைக் கம்பி ஒன்றையும் விட்டுவையுங்கள். நாளை ஃபைபர் போடுவதென்றாலும் சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

கொத்தனார் பூச்சைத் தொடங்குமுன் எலக்ட்ரீஷியனிடம் இதைப் பேசிவிடுங்கள்.