முகூர்த்தத்துக்கு முன் வியூஃபைண்டர்

முகூர்த்தம் ஆறு மணிக்கு. கும்பகோணத்தில் அந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நான் நுழைந்தபோது ஐந்துகூட ஆகவில்லை. மேடையில் மணவறைக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவில் கண்ணைப் பதித்திருந்தார் ‘டிரெடிஷனல்’ படமெடுக்க வந்த ஃபோட்டோகிராபர். லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை.

“மூடிய வெச்சுக்கிட்டு என்னண்ணே பாக்குறீங்க?”

“எழுத்தைப் பாக்குறேன் சார்.”

கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சக்கரம் இருக்கிறது. அதுதான் டயாப்டர். அவருடைய சோனி ஏ7 ஃபோரில் மைனஸ் 4 முதல் பிளஸ் 3 வரை திருப்பலாம். எதிரே தெரியும் காட்சியைப் பார்த்துத் திருப்பினால், மங்கலுக்குக் காரணம் லென்ஸா, நம் கண்ணா என்று பிடிபடாது. மூடியைப் போட்டுவிட்டால் கறுப்புத் திரையில் ஷட்டர், ஐஎஸ்ஓ எண்கள் மட்டும் நிற்கும். அவை கூர்மையாகத் தெரியும் வரை திருப்பினால் போதும். பையில் உரசி இந்தச் சக்கரம் நகர்ந்துவிடும் என்பதால் வேலைக்கு முன் தவறாமல் இதைப் பார்த்துவிடுவாராம்.

மூடியைக் கழற்றிக் கேமராவை என்னிடம் கொடுத்தார். உள்ளே தெரிவது கண்ணாடி வழியாக வரும் மேடை அல்ல, அரை அங்குல ஓஎல்இடி திரை. 36.8 லட்சம் புள்ளிகள் என்று விளம்பரத்தில் போடுவார்கள். ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளி என்பதால் உண்மைக் கணக்கு 1280 × 960 பிக்சல்தான். பழைய எஸ்எல்ஆரில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று லென்ஸ் வழியே வந்த ஒளியையே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பியது. அங்கே டயாப்டரைத் தவிர அமைப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. 2008இல் பானாசோனிக் ஜி1 அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவில் இந்தக் குட்டித் திரையை வைத்தது. சென்சார் பார்ப்பதைத்தான் இது காட்டும். எப்படிக் காட்ட வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

அவர் மேனுவலுக்குத் திருப்பி, ஷட்டரை 1/160, அப்பெர்ச்சரை 5.6, ஐஎஸ்ஓவை 400 என்று வைத்தார். வியூஃபைண்டர் இருண்டுபோனது. பூ கட்டுபவர்கள் நிழல்களாகத் தெரிந்தார்கள்.

“இந்த எடத்துலதான் சார், கேமரா போச்சுன்னு பல பேரு கடைக்குத் தூக்கிட்டு ஓடுறது.”

கேமரா செய்தது சரிதான். மண்டபத்தின் வெளிச்சத்தில் மட்டும் எடுத்தால் படம் அவ்வளவு இருட்டாகத்தான் வரும். மேடையின் இரு பக்கமும் நிற்கும் குடை விளக்குகள் ஷட்டரை அழுத்தும் கணத்தில்தான் மின்னும். அவற்றை மின்னவைக்கும் டிரிக்கர், அவர் வாங்கியிருக்கும் வகையில், ஃபிளாஷ் இருக்கிறது என்று கேமராவிடம் சொல்வதில்லை. மெனுவுக்குள் போய் ‘லைவ் வியூ டிஸ்ப்ளே’யில் ‘செட்டிங் எஃபெக்ட் ஆஃப்’ என்பதைத் தேர்ந்தார். மேடை பளிச்சென்று தெரிந்தது. கேனானில் இதையே ‘எக்ஸ்போஷர் சிமுலேஷன்’ என்பார்கள். நிக்கானிலும் ஃபியூஜியிலும் வேறு பெயர்களில் இருக்கிறது.

பக்கத்தில் ‘கேண்டிட்’ எடுக்க வந்த இளைஞர் சிரித்தார். “எனக்கு அது ஆன்லயே இருக்கணும்ணே.” இருவரிடமும் ஒரே மாடல் கேமரா. இளைஞர் ஃபிளாஷ் போடுவதில்லை; இருக்கிற வெளிச்சத்தில் படம் எப்படி வரும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் அவருக்கு லாபம். எலக்ட்ரானிக் வியூஃபைண்டரை விற்பவர்கள் ‘பார்ப்பதே படம்’ என்கிறார்கள். அந்த இளைஞருக்கு அது உண்மை, மணவறைக்கு முன் நிற்பவருக்கு இல்லை. என்னைக் கேட்டால், கேமரா வாங்கியவுடன் முதலில் தேட வேண்டிய மெனு இதுதான். புள்ளிக் கணக்கையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆஃப் செய்ததில் ஒரு சங்கடமும் உண்டு. ஓரத்தில் தெரியும் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடம் இப்போது அந்த வெளுப்பாக்கிய காட்சியைத்தான் அளக்கிறது. ஃபிளாஷ் அடித்தபின் வரப்போகும் படத்தை அல்ல. வெள்ளை வேட்டி வெந்து போகிறதா என்று காட்டும் ஜீப்ரா கோடுகளையும் நம்ப முடியாது. அதற்கு அவர் வைத்திருக்கும் வழி பழையது.

“தம்பி, மணையில உக்காரு.”

அசிஸ்டென்ட் வெட்கத்தோடு மணையில் போய் உட்கார, பூக்காரர்கள் “பொண்ணு எங்கப்பா?” என்று கிண்டலடித்தார்கள். ஒரு படம் எடுத்து, எடுத்த படத்தின் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, விளக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். மறுபடி ஒன்று. முடிந்தது.

வியூஃபைண்டரின் வெளிச்சத்தை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றினார். ஆட்டோவில் விட்டால் சுற்றியிருக்கும் வெளிச்சத்துக்கு ஏற்பத் திரை கூடிக் குறையும், கண் ஏமாறும். ஃபிரேம் ரேட்டை உயர்த்தவில்லை. உயர்த்தினால் அசைவு வழவழப்பாகத் தெரியும், கூர்மை குறையும். ஓடுகிற பிள்ளைகளை எடுக்க அது சரி, மணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதற்கு?

கடைசியாகக் கண் சென்சார். கண்ணை வைத்தால் வியூஃபைண்டர், எடுத்தால் பின்பக்கத் திரை என்று கேமரா தானாக மாறுவது இதனால்தான். கழுத்தில் தொங்கும்போது சட்டை அதை மறைத்தாலும் கண் என்றே நினைத்து வியூஃபைண்டர் எரிந்துகொண்டிருக்கும். பேட்டரிக்கு அது நல்லதல்ல: நிலையான அளவீட்டின்படி, ஒரு முறை சார்ஜ் செய்தால் இந்தக் கேமரா பின்திரையில் 580 படமும் வியூஃபைண்டரில் 520 படமும் எடுக்கும். அவருடைய கவலை வேறு. தாலி கட்டும்போது எல்லோரும் எழுந்துவிடுவார்கள், ஃபோன்கள் உயரும். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பின்திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் யாருடைய கையாவது சென்சார் பக்கம் வந்தால் திரை அணைந்துவிடும். அதனால் ஆட்டோவை எடுத்துவிட்டு, இரண்டுக்கும் மாறுவதை ஒரு பட்டனில் வைத்திருக்கிறார்.

கெட்டிமேளம் கொட்டியது. நான் இருந்த இடத்திலிருந்து முதுகுகள் மட்டுமே தெரிந்தன. அவற்றுக்கு மேலே அவருடைய இரண்டு கைகளும், கேமராவும், வரிசையாக மின்னல்களும்.

கூட்டம் கலைந்ததும் அசிஸ்டென்ட் கேமராவை ஜன்னலோர மேசையில் குப்புற வைக்கப்போனார். ஃபோட்டோகிராபர் சத்தம் போட்டார். கண் வைக்கும் பக்கம் ஒரு லென்ஸ் இருக்கிறது. வெயில் அதற்குள் நேராக விழுந்தால் உள்ளிருக்கும் திரை கருகி, ஆறாத தழும்பு விழுந்துவிடும்.

“துண்டப் போட்டு மூடுடா. போயி பந்தியில எடம் புடி, சாரும் வர்றாரு.”